மூன்றாவது கணவாய்

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விவாகரத்து முடிந்த பிறகு உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய முறைதான் கைக்கு வருகிறது. பிடிக்காவிட்டால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

ஃபோன் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. "இனிமே அவரோட ஃபோன்ல பேசக் கூடாதும்மா" என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தபால் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் உங்கள் சைக்கிள். நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே, பின்பக்க அறையில், துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டு டயரிலும் காற்றில்லை. ஈரக் குடையையும் மழைக்கோட்டையும் அதன்மேல்தான் மாட்டுகிறோம். விற்கவா, அனுப்பவா?

நான் பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். டெப்போவில் கூட்டம் போட்டு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்த்து ஓட வேண்டிய வேலை முடிந்த அன்றைக்கு! முழங்காலைப் பார்த்த டாக்டர், "உட்கார்ந்து உட்கார்ந்தே பாழாக்கிட்டீங்க, நடங்க" என்கிறார். நடந்தால்தான் வலிக்கிறது.

சைக்கிள் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அத்தை

*

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். வீட்டில் அனைவரும் நலமா?

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் ஓட்டுவதை விட்டுவிட்டேன். இங்கே நான் பழுது பார்க்கும் பாலம் பெரியது. ஒரு முனையிலிருந்து துரு பார்த்துக்கொண்டே மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் முனையில் மறுபடியும் துரு பிடித்துவிடுகிறது. அதனால் வேலைக்குக் குறைவில்லை.

முழங்காலுக்கு நடப்பதைவிடச் சைக்கிள் நல்லது என்பார்கள்.

மரியாதையுடன்,
உங்கள் மாப்பிள்ளை
(அடிக்கவில்லை.)

*

பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் சுகம். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றீர்கள். எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டெப்போ மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பஸ்கள் எல்லாம் வரிசையாக நின்றன. பார்க்க ஆளிருக்காது என்று நினைத்தால் மெக்கானிக் இருந்தார். "இது சீட்டா, ஏணியா?" என்று கேட்டுக் கடைசிவரை இறக்கிக் கொடுத்தார். சின்ன வயதில் ஓட்டியது மறக்கவில்லை. ஆனால் திரும்பும் இடத்தில் எனக்குப் பின்னால் முழு பஸ் வருகிறது என்று நினைத்து அவ்வளவு அகலமாகத் திரும்புகிறேன். மெக்கானிக் சிரித்த சிரிப்பில் அவர் டீ கொட்டிவிட்டது.

சீட்டுக்குக் கீழே இருந்த பையில், சட்டையில் குத்திக்கொள்ளும் துணி நம்பர்கள் நான்கு இருந்தன. எல்லாவற்றிலும் "மூன்று கணவாய்" என்று அச்சடித்திருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் போவீர்களே, அதுதானே? நான்கு வருடம் போனவரிடம் ஒரு பதக்கம்கூட இல்லையே, ஏன்? வீட்டில் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

பசித்தால் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாலம் எங்கும் ஓடிப்போகாது.

அத்தை

*

மார்ச் 20

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

பதில் தாமதம். மன்னிக்கவும். வீட்டில் அனைவரும் நலமா?

அது போட்டி இல்லை. சாதாரண ஆட்கள்தான் ஓட்டுவார்கள்: வாத்தியார், பேக்கரிக்காரர், தபால்காரர், ஆயிரக்கணக்கில். விடியற்காலை ஊரிலிருந்து கிளம்பி இரண்டு கணவாய்களை ஏறி இறங்கி, மூன்றாவதன் உச்சியில் முடிக்க வேண்டும். யார் முதல் என்று யாரும் கேட்பதில்லை. நேரத்துக்குள் முடித்தாயா என்றுதான் கேட்பார்கள். கடைசியில் ஒரு பஸ் மெதுவாக வரும். அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவர் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குத் துடைப்பம் என்று பெயர்.

நான்கு முறையும் மூன்றாவது கணவாயில் துடைப்பம் என்னைக் கூட்டிவிட்டது. அதனால்தான் பதக்கம் இல்லை.

நீங்கள் ஓட்டுவதால் சில விஷயங்கள். தாகம் எடுக்கும் முன் குடியுங்கள். பசிக்கும் முன் சாப்பிடுங்கள். ஏற்றம் கண்ணில் பட்டதும் கியரைக் குறைத்துவிடுங்கள், கால் கெஞ்சும்வரை காத்திருக்காதீர்கள். ஈர ரோட்டில் முன்பிரேக்கை நம்ப வேண்டாம்.

மரியாதையுடன்,
உங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கியரைப் பற்றி எனக்கே பாடமா? இருந்தாலும் நீங்கள் சொன்னது சரி.

பெயர் கொடுத்துவிட்டேன். இந்த செப்டம்பர். பதறாதீர்கள். உங்கள் மூன்றாவது கணவாய் என்னுடைய பழைய ரூட். அந்த ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறுவேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து "அடேயப்பா" என்பார்கள். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ரோட்டைத்தானே பார்த்தேன்.

ஞாயிறு காலையில் ஒரு குழுவோடு போகிறேன். எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். டிரைவரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் கணவாயை ஏறி முடித்ததும் ரோட்டோரமாக வாந்தி எடுத்தேன். "நல்லா ஏறினீங்க டிரைவரம்மா" என்று முதுகைத் தடவினாள் ஒருத்தி. அதன் பிறகு இறங்கி வந்து அரைக் கிலோ ரொட்டி தின்றேன்.

என் மகள் கேட்டதும், "உனக்கென்ன பைத்தியமாம்மா?" என்றாள். மறுநாள் மருந்துக்கடை வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கையுறை வாங்கி வந்திருந்தாள். போன வாரம் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் என்னையும் சைக்கிளையும் தன் காரில் மலையடிவாரம் வரை கொண்டு விட்டார். நல்ல மனிதர்.

வீட்டில் அனைவரும் சுகம். உங்கள் இருமல் போய்விட்டதா? மழைக்காலத்தில் வருமே.

அத்தை

*

மே 30

மதிப்புக்குரிய அத்தைக்கு வணக்கம்.

இருமல் இல்லை. நன்றாக இருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். வேலை முடிந்ததும் பாலத்தின் மேல் போய் வருகிறேன். இங்கே ஏற்றம் என்று சொல்ல அந்தப் பாலம்தான். எதிர்க்காற்று உண்டு, அது மலைக்குச் சமானம். பெயிண்டர்கள் பந்தயம் கட்டுகிறார்கள், நான் எத்தனை தடவை போய் வருவேன் என்று.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். உங்களோடு ஓட்டலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் சம்மதித்தால்.

உச்சியில், முடிவுக் கோட்டுக்கு, வீட்டில் இருப்பவர்களும் வருவார்களா? சும்மா கேட்டேன்.

வீட்டில் அனைவரும் நலமா?

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூலை 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது. இதையும் கிழித்தால் தபால்காரர்தான் லாபப்படுவார், நடை மிச்சம்.

வீட்டில் அனைவரும் நலமா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். இந்த வீட்டில் அனைவரும் என்றால் இரண்டே பேர். ஒருத்தி நான். நீங்கள் கேட்பது மற்றவளைப் பற்றி என்று தெரிந்துகொண்டே, சுகம் சுகம் என்று எழுதி வந்தேன். அது பொய்யில்லை. முழுசும் இல்லை.

அவளுக்கு நவம்பரில் கல்யாணம். கண்ணாடிக் கடைக்காரரோடு. ஏப்ரலில் எழுதியபோதே பேச்சு இருந்தது. நல்ல மனிதர் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இருவரும் முடிவுக் கோட்டுக்கு வருகிறார்கள். என்னைக் கூட்டிப் போக வேண்டுமே.

தபால் பெட்டியைத் திறப்பவள் அவள்தான். உங்கள் கையெழுத்தைப் பார்த்து மேஜையில் எடுத்து வைப்பாள். கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. இந்த வீட்டில் யாருக்கும் வாய் வலிக்காது.

வாருங்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. வராதீர்கள் என்று எழுத மனம் வரவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தை

*

ஆகஸ்ட் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. நியாயம்தான்.

வேறொரு விஷயம். ஏறும்போது செயினிலிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வருகிறது. எண்ணெய் விட்டேன், இன்னும் அதிகமாகிறது. மெக்கானிக், "எனக்கு எட்டு சிலிண்டருக்குக் கீழே தெரியாது" என்கிறார். இதற்காவது எழுதுங்கள்.

அத்தை

*

செப்டம்பர் 2

அத்தைக்கு வணக்கம்.

எண்ணெய் அதிகமாகி மண் ஒட்டியிருக்கும். பழைய துணியால் செயினை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். ஓட்டும் அன்றைக்கு மழை என்கிறார்கள். இறக்கத்தில் நிதானம்.

வீட்டில் அனைவருக்கும் என் வாழ்த்து.

*

செப்டம்பர் 20

அன்புள்ள

கையெழுத்து வேறாக இருக்கும். என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "அவருக்கா? நானா?" என்றாள். "ஃபோன் இல்லையே, கடிதம்தானே" என்றேன். பிறகு பேனாவை எடுத்தாள். மாப்பிள்ளை என்று எழுத மாட்டாளாம். அப்படியானால் வேறு முறை நீயே சொல் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். எழுதுகிறவளுக்குத் தெரியாது. "விழுந்தேன், எழுந்தேன், வந்தேன்" என்று மட்டும்தான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கணவாயில் தூறல்தான். இரண்டாவதன் உச்சியில் சரியாகப் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் நிதானமாகத்தான் வந்தேன். அடிவாரம் நெருங்கும்போது முன்னால் போனவரின் தண்ணீர் பாட்டில் கழன்று என் பாதையில் உருண்டது. பஸ்ஸாக இருந்தால் அதன் மேலேயே ஏற்றிப் போயிருப்பேன். ஹேண்டிலை ஒடித்தேன், பிரேக் பிடித்தேன், கையூன்றி விழுந்தேன். மணிக்கட்டு விழுந்த நிமிடமே வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது.

ஆட்கள் வேகம் குறைத்து, "பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். நானும் பரவாயில்லை என்று கையை ஆட்டினேன், நல்ல கையை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர் கேட்கவில்லை. இறங்கினார். என்னைப் பார்க்கும் முன் சைக்கிளைத்தான் பார்த்தார். அவருடையதாயிற்றே.

முதல் கணவாயிலேயே என்னை முந்திப் போயிருக்க வேண்டியவர், அவ்வளவு நேரம் எனக்குப் பின்னால் எப்படி வந்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஓட்டுகிறவர்களுக்காக ரோட்டோரம் தண்ணீர் வைத்திருந்த பெட்டியிலிருந்து அட்டையைக் கிழித்து என் கைக்குக் கீழே வைத்து, மாற்று ட்யூபைச் சுற்றிக் கட்டினார்.

"முறிஞ்சிருக்கும் அத்தை. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"மேலே ஏறிட்டு கூப்பிடலாம்."

"ஒரு கையிலயா?"

"ஏற்றம்தானே? பிரேக் எதுக்கு?"

அதற்குள் துடைப்பம் வந்துவிட்டது. ஓட்டியவன் எங்கள் டெப்போக்காரன். ஜன்னலைத் திறந்து, "ஏறிக்குங்கக்கா, சீட் காலியா இருக்கு" என்றான். "உன் வண்டியில ஏறினா நீ கியர் மாத்தறதை வேற கேட்டுக்கிட்டே வரணும், வேண்டாம்ப்பா" என்றேன். அவன் நல்லவன், எங்களுக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தான். மெதுவாக வந்தானே தவிர நிற்கவில்லை. நின்றால் அவன் வேலை போய்விடும்.

இனி அவர் அவர் என்று எதற்கு? நீங்கள் என் சைக்கிளைச் சின்ன கியரில் போட்டு, "இதைத் தொடாதீங்க" என்றீர்கள். பக்கத்திலேயே வந்தீர்கள். ஒரு தடவையாவது முதுகில் கை வைத்துத் தள்ளுவீர்கள் என்று நினைத்தேன். தள்ளவில்லை. பேசினீர்கள்.

('அவரா பேசினார்?' என்று எழுதுகிறவள் கேட்கிறாள். ஆமாம், அவர்தான்.)

பாலத்தைப் பற்றிப் பேசினீர்கள். போல்ட் ஓட்டை ஒன்றில் ஒரு குருவி முட்டையிட்டதாம். குஞ்சு பறக்கும்வரை அந்தத் தூணுக்குப் பெயிண்ட் அடிக்க விடாமல், தினமும் ஆபீசுக்கு "காற்று அதிகம், வேலை நடக்கவில்லை" என்று எழுதி அனுப்பினீர்களாம். பெரிய அதிகாரியே வந்து நின்றுவிட்டாராம். அன்றைக்குப் பார்த்து இலைகூட அசையவில்லையாம். சிரித்ததில் கை வலித்தது. பிறகு உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். அதை நான் இங்கே சொல்ல மாட்டேன்.

ஏற்றம் முழுக்க அப்படியே. 'அடேயப்பா' எங்கே இருக்கிறது என்று இந்த முறையும் தெரியவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்.

கடைசியில் தண்ணீர்த் தொட்டி வளைவு. அதைத் தாண்டினால் கோடு தெரியும், கூட்டம் தெரியும். ஒலிபெருக்கி கேட்டது. நீங்கள் காலூன்றி நின்றீர்கள்.

"போங்கத்தை. இனிமே தனியா போயிடுவீங்க."

"நீங்க?"

"செயின் கழண்டுடுச்சு. மாட்டிட்டு வரேன்."

செயின் கழலவில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒரு கையில் பிடித்து ஓட்டுகிறவள் திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்காமல் போனேன். என் நம்பரைச் சொன்னார்கள். இவள் ஓடி வந்தாள், கையைப் பார்த்துக் கத்தினாள். கண்ணாடிக் கடைக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடுத்து அந்த வளைவில் திரும்பி வந்தது துடைப்பம்தான். உங்கள் நம்பரை யாரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். நலமாக இருங்கள். எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள், கனமாக இருக்கிறது.

அத்தை

அம்மா சொன்னது அங்கே முடிகிறது. இனி நான் எழுதுவது.

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் கையைக் கட்டியதற்கு நன்றி. சரியாகக் கட்டியிருந்ததாக டாக்டர் சொன்னார். யார் கட்டியது என்று கேட்டார். கூட ஓட்டியவர் யாரோ என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் ஒரு மலை நெடுகப் பேசுவீர்கள் என்பதை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டு, அதை நானே உங்களுக்கு எழுதுகிறேன். இருக்கட்டும்.

நான் பார்த்துவிடக் கூடாது என்று அந்த வளைவில் நின்றிருந்தால் அது வேண்டாத வேலை. பார்த்திருந்தால் கை தட்டியிருப்பேன். பக்கத்தில் நின்றிருந்த அவரும் தட்டியிருப்பார்.

*

அக்டோபர் 6

அத்தைக்கும், கடிதத்தை எழுதியவளுக்கும் வணக்கம்.

நான் நலம். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, ஈரத் துணியை மெதுவாகப் பிழிந்து பழகுங்கள் அத்தை. முதலில் கைக்குட்டை, பிறகு துண்டு. அவசரம் வேண்டாம். ஹேண்டிலில் சுற்றிய பட்டை கிழிந்திருந்தது. புதிது தனியாக அனுப்பியிருக்கிறேன்.

எழுதியவளுக்கு:

செயின் கழலவில்லை. நீ பார்த்துவிடுவாய் என்று நான் நிற்கவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்குத் தாங்காது என்று நின்றேன். இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இருந்தபோதே இப்படி ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ கேட்காமல் இல்லை. கேட்டாய்.

அவர் நல்ல மனிதர் என்று அத்தை எழுதியிருந்தார். அத்தை சும்மா சொல்கிறவர் இல்லை. நன்றாக இரு.

அத்தைக்கு மறுபடியும்:

அன்றைக்கு நான் துடைப்பத்தில் ஏறவில்லை. தொட்டியடியில் உட்கார்ந்திருந்தேன். உங்களை ஏற்றிக்கொண்டு கார் கீழே இறங்கிப் போனது. பின் சீட்டில் அவள் உங்கள் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். மழை விட்டுவிட்டது. ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். பிறகு நான் எழுந்து மிச்சத்தையும் ஓட்டினேன்.

கோடு இருந்த இடத்தில் கோடு இல்லை. அந்தத் துணிப் பட்டையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! எங்கேயிருந்து வர்றீங்க?"

"இந்த வளைவுலேருந்துதான்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுக்கியதிலிருந்து ஒரு நாற்காலியை உருவிப் போட்டார். உட்கார்ந்தேன்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.